ஐ.நா. படையால் பாதிக்கப்பட்டவர் எங்கே போய் வழக்குப் போடுவது? (மூட் கோர்ட்டுக்காகக் கேட்கிறேன்)

கறுப்பு அங்கி வேண்டும் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் சட்டம் படிக்கிறேன். அடுத்த மாதம் ஒரு மூட் கோர்ட் போட்டி (கற்பனை வழக்கில் சட்ட மாணவர்கள் வாதாடுவது). கொடுத்திருக்கும் கற்பனை வழக்கு இதுதான்: ஒரு ஏழை நாட்டில் ஐ.நா. அமைதிப்படை முகாம் போட்டிருக்கிறது. முகாமின் கழிவு ஆற்றில் கலக்கிறது. ஊரில் நோய் பரவிப் பலர் சாகிறார்கள். நான் ஊர்மக்கள் தரப்பு.

ஹெய்ட்டி காலரா வழக்கைப் பெயர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தேடிப் படித்தேன். படித்தபின் இருந்த தைரியமும் போய்விட்டது. பாதிக்கப்பட்டவர்கள் ஐ.நா. மீது 2013 அக்டோபரில் நியூயார்க்கில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். 2015 ஜனவரியில் மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, 2016 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஐ.நா. தவறு செய்ததா என்ற கேள்விக்குள்ளேயே யாரும் போகவில்லை. ஐ.நா.வின் சலுகைகள், விலக்குகள் பற்றிய 1946ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவுப்படி ஐ.நா.வுக்கு எல்லா வகையான சட்ட நடவடிக்கையிலிருந்தும் விலக்கு உண்டு, அது தானாக விட்டுக்கொடுத்தால்தான் வழக்கு நடக்கும். அவ்வளவுதான், கதவைச் சாத்திவிட்டார்கள்.

என் சந்தேகங்கள்: ஐ.நா. மீது முடியாது என்றால் அந்தச் சிப்பாய்கள் மீது போடலாமா? படை அனுப்பிய நாட்டின் மீது? பாதுகாப்பு சபை போடும் பொருளாதாரத் தடையில் ஒரு தனி மனிதர் தவறாக மாட்டிக்கொண்டாலும் இதே கதிதானா? "எதிர்த்தரப்பு கிடைத்திருந்தால் தப்பித்திருப்பாய்" என்று என் சீனியர் சிரிக்கிறார். ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

---

பழைய சாப்பர் எழுதியது:

வணக்கம்மா. நான் வக்கீல் இல்லை. பெங்களூர் மெட்ராஸ் சாப்பர்ஸில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆப்பிரிக்காவில் ஒரு ஐ.நா. மிஷனில் எஞ்சினியர் கம்பெனியோடு இருந்தேன். எந்த மிஷன், எந்த வருஷம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். முகாம் போடுவதும் ரோடு போடுவதும்தான் எங்கள் வேலை. அதனால் உங்கள் கேள்விக்குக் கீழேயிருந்து, அதாவது கக்கூஸ் குழியிலிருந்து பதில் சொல்கிறேன். சிரிக்காதீர்கள், உங்கள் வழக்கே அங்கேதான் இருக்கிறது.

முகாமுக்கு இடம் பார்க்கப் போனால் முதலில் தண்ணீர் எங்கே வருகிறது என்று பார்ப்போம். அடுத்து அது எங்கே போகிறது, கீழே யார் குடிக்கிறார்கள் என்று பார்ப்போம். இது எந்தப் பட்டாளத்திலும் புது ரெக்ரூட்டுக்குச் சொல்லித் தரும் பாடம். ஐ.நா.வும் சும்மா விடுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து ஜெனரேட்டர், வண்டி, தண்ணீர் சுத்திகரிப்பு, கழிப்பறை என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள். ஏதாவது ஓடவில்லை என்றால் நம் அரசாங்கத்துக்கு வரவேண்டிய பணத்தில் கை வைப்பார்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின ராத்திரி எந்த கம்பெனியிலும் யாரும் தூங்குவதில்லை.

இப்போது ஹெய்ட்டிக்கு வாங்க. 2010 ஜனவரியில் பூகம்பம். அக்டோபரில் நேபாளத்திலிருந்து புது பட்டாலியன் ரொட்டேஷனில் வந்து இறங்கியது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் காத்மாண்டுப் பக்கம் காலரா இருந்தது. முகாம் மிர்பலே ஊருக்குப் பக்கத்தில், மேயே என்ற ஓடைக்கரையில். அந்த ஓடை ஆர்ட்டிபோனிட் ஆற்றில் போய்ச் சேரும். அதுதான் ஹெய்ட்டியின் பெரிய ஆறு. குடிப்பது, குளிப்பது, நெல்லுக்குப் பாய்ச்சுவது எல்லாம் அதில்தான். நூறு வருஷத்துக்கு மேலாகக் காலரா என்று ஒன்றைப் பார்த்திராத நாடு. சில வாரங்களில் நாடு முழுக்கப் பரவியது. கடைசிக் கணக்கில் சுமார் 10,000 பேர் செத்தார்கள், 8 லட்சம் பேர் அளவில் படுக்கையில் விழுந்தார்கள்.

ஐ.நா. தானே நாலு நிபுணர்களைப் போட்டது. 2011 மே மாதம் அறிக்கை வந்தது. நான் சட்டப் பக்கங்களைத் தள்ளிவிட்டு முகாம் பற்றிய பக்கத்தைத்தான் இரண்டு தடவை படித்தேன். குழாய் வேலை கன்னாபின்னாவென்று இருந்ததாம். உடைந்த குழாய், சரியாகச் சேராத மூட்டு. முகாமுக்குள் ஓடி நேராக ஓடையில் விழும் திறந்த சாக்கடைக்கு மேலேயே சில குழாய்கள் போயிருக்கின்றன. மலத்தொட்டியைக் காலி செய்ய ஒரு தனியார் கான்ட்ராக்டர். அவர் கொண்டுபோய்க் கொட்டிய இடம் மேட்டில் ஒரு திறந்த குழி. சுற்றி வேலி கிடையாது. குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஆடு மாடு திரிந்தது என்று அறிக்கையே சொல்கிறது. எங்கள் சி.ஓ. (கமாண்டிங் ஆபீசர்) சாப் அந்தக் குழியைப் பார்த்திருந்தால் பொறுப்பாளி அன்றைக்கே மூட்டையைக் கட்டியிருப்பான்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, பல சூழ்நிலைகள் ஒன்றுசேர்ந்ததால் நடந்தது, தனி ஒருவரின் குற்றம் இல்லை என்று முடித்தார்கள். பிறகு 2013இல் அதே நிபுணர்கள், கிடைத்திருக்கும் ஆதாரத்தைப் பார்த்தால் ஐ.நா. முகாமோடு தொடர்புடையவர்களே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று எழுதினார்கள். கிருமியின் மரபணுவும் நேபாளத்துக் கிருமியோடு பொருந்தியது.

சிப்பாய்கள் மீது வழக்குப் போடலாமா என்று கேட்டீர்கள். முடியாது, அதை நான் ஆதரிக்கிறேன். ஐ.நா. படையில் போகும் சிப்பாய் குற்றம் செய்தால் அவனை விசாரிக்கும் அதிகாரம் அவனை அனுப்பிய நாட்டுக்கு மட்டும்தான். ஹோஸ்ட் நாட்டோடு போடும் ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கும். இல்லாவிட்டால் செக்போஸ்டில் எவனுடைய துப்பாக்கியையாவது பிடுங்கினோம் என்றால் மறுநாள் அவன் மாமா ஜட்ஜாக இருக்கும் கோர்ட்டில் நிற்க வேண்டிவரும். நான் போன நாட்டில் ஜட்ஜ் யார், கேப்டன் யார், கொள்ளைக்காரன் யார் என்று எங்களுக்கே சரியாகத் தெரியாது. ஆனால் விலக்கு என்றால் தண்டனையே இல்லை என்று அர்த்தம் இல்லை. நம் ஆர்மி ஆக்ட் 1950, 70ஆம் பிரிவைப் பாருங்கள். சிவிலியனைக் கொன்றாலோ கற்பழித்தாலோ சாதாரணமாக கோர்ட் மார்ஷல் (ராணுவ நீதிமன்றம்) விசாரிக்க முடியாது, கிரிமினல் கோர்ட்தான். ஆனால் சம்பவம் இந்தியாவுக்கு வெளியே நடந்தால் கோர்ட் மார்ஷலே விசாரிக்கலாம். அதிகாரம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவார்களா என்பது அந்தந்த அரசாங்கத்தின் மனசு.

அப்புறம் நான் கண்ணால் பார்த்த ஒன்று. எங்கள் டிப்பர் ஒன்று ஒரு ஊர் வழியாகப் போகும்போது ஆட்டுக் கூட்டத்தில் புகுந்துவிட்டது. டிரைவர் பிரேக் அடித்தான், நாலைந்து ஆடு போய்விட்டது. மிலிட்டரி போலீஸ் வந்து போட்டோ எடுத்தார்கள். ஊர்த்தலைவர் ஒரு கடிதம் கொடுத்தார். மிஷன் தலைமையகத்தில் இதற்கென்றே ஒரு போர்டு இருக்கிறது, மனு அங்கே போகும். பல மாதம் இழுத்தார்கள், ஆனால் பணம் வந்தது. வண்டி இடித்தால், சுவர் உடைந்தால், பயிர் நாசமானால் ஐ.நா. இப்படிப் பல இடங்களில் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஆட்டுக்குக் கோர்ட் தேவைப்படவில்லை பாருங்கள். விலக்கு அப்படியே இருந்தது, பணமும் கிடைத்தது. ஹெய்ட்டிக்காரர்கள் கேட்டதும் முதலில் இதைத்தான். 2011 நவம்பரில் 5,000 பேர் ஐ.நா.விடமே மனு கொடுத்தார்கள். அதைத் தொட்டுப் பார்க்கவே மாட்டோம் என்றதால்தான் நியூயார்க் கோர்ட்டுக்கே போனார்கள். உங்கள் வாதத்தை விலக்கின் மீது வைக்காமல் இந்த மனுவின் மீது வையுங்கள் என்பது என் புத்திக்கு எட்டியது. சட்ட நம்பரெல்லாம் இங்கே வக்கீல்கள் யாராவது சொல்வார்கள்.

---

மதுரைக் கிளை எழுதியது:

சுபேதார் ஐயா வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். நம்பரை நான் தருகிறேன்.

அதே 1946 ஒப்பந்தத்தின் 29ஆம் பிரிவு. ஐ.நா. ஒரு தரப்பாக இருக்கும் தனியார் சட்டத் தகராறுகளைத் தீர்க்க ஐ.நா. தக்க ஏற்பாடு செய்தே ஆகவேண்டும் என்கிறது. ஆங்கில மூலத்தில் கட்டாயச் சொல்தான் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் ஐ.நா. அந்த 5,000 மனுக்களையும் இதே 29ஆம் பிரிவைக் காட்டித்தான் திருப்பியது. இவற்றை எடுத்தால் அரசியல், கொள்கை விஷயங்களைப் பரிசீலிக்க வேண்டிவரும், ஆகவே ஏற்க முடியாது என்று ஒரு வரி. கழிவுநீர்க் குழாயில் என்ன கொள்கை இருக்கிறது என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

2004இல் ஹெய்ட்டி அரசோடு ஐ.நா. போட்ட ஒப்பந்தத்தில் இழப்பீட்டு மனுக்களுக்கு ஒரு நிரந்தர ஆணையம் அமைக்கப்படும் என்று இருக்கிறது. அமைக்கவே இல்லை. ஹெய்ட்டியில் மட்டுமில்லை, எந்த மிஷனிலும் இன்றுவரை அமைத்ததில்லை. ஐயா சொன்ன போர்டு ஐ.நா. தன் அலுவலர்களை வைத்தே நடத்துவது.

நியூயார்க்கில் மனுதாரர்கள் என்ன சொன்னார்கள் என்றால், 29ஐ நிறைவேற்றினால்தான் 2ஆம் பிரிவின் விலக்கு கிடைக்கும், ஒன்று மற்றதற்கு நிபந்தனை என்றார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. அமெரிக்க அரசும் ஐ.நா. பக்கம் நின்றது. ஆகவே அதே வாதத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள், எதிர்த்தரப்பு அதற்குத்தான் காத்திருக்கும்.

நான் எடுத்தாள்வது பரம் குமாரசாமி வழக்கை. நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது. மலேசியாவின் மூத்த வழக்கறிஞர். நீதிபதிகள், வழக்கறிஞர்களின் சுதந்திரம் பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக 1994 முதல் இருந்தார். 1995இல் ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். மலேசிய நீதிமன்றங்களில் சில நிறுவனங்களுக்கு அனுகூலமாகக் காரியம் நடக்கிறதோ என்ற ஐயத்தைத் தொட்டுப் பேசினார். கோடிக்கணக்கான ரிங்கிட் கேட்டு அவதூறு வழக்குகள் வரிசையாக வந்தன. ஐ.நா. அவருக்கு விலக்கு உண்டு என்றது, மலேசிய நீதிமன்றங்கள் கேட்கவில்லை. கடைசியில் சர்வதேச நீதிமன்றம் 1999 ஏப்ரல் 29இல் 14க்கு 1 என்ற கணக்கில் அவருக்கு விலக்கு உண்டு என்று கருத்துச் சொன்னது. விலக்கு என்றாலே அயோக்கியர்களின் கவசம் என்று நினைக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது அதே கருத்தின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. வழக்கிலிருந்து விலக்கு வேறு, இழப்பீடு வேறு என்று நீதிமன்றம் பிரித்துச் சொல்கிறது. ஐ.நா.வோ அதன் ஆட்களோ செய்ததால் வந்த சேதத்துக்கு ஐ.நா. பொறுப்பேற்க வேண்டிவரலாம், அந்தக் கோரிக்கைகளை உள்நாட்டு நீதிமன்றங்கள் தீர்க்காது, 29ஆம் பிரிவுப்படி தீர்க்கவேண்டும் என்கிறது. அதாவது ஐ.நா.வுக்கு வெற்றி கொடுத்த கருத்தே உங்கள் கையில் ஆயுதம்.

கூடவே 1965. கொங்கோவில் ஐ.நா. படையால் பெல்ஜியக் குடிமக்களுக்கு ஏற்பட்ட சேதத்துக்காக ஐ.நா. பெல்ஜியத்துக்கு 15 லட்சம் டாலர் மொத்தமாகக் கொடுத்துத் தீர்த்தது. கேட்டது பெல்ஜியம் என்பதால் கொள்கை விஷயம் குறுக்கே வரவில்லை போலிருக்கிறது.

படை அனுப்பிய நாட்டின் மீது வழக்கு? போடலாம், ஆனால் அந்த நாட்டின் நீதிமன்றத்தில். போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா இதற்கு உதாரணம். 1995 ஜூலையில், பாதுகாப்பு சபையே பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்த ஊரில், டச்சுப் படை காவலிருக்கும்போது போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களுமாக சுமார் 8,000 பேர் கொல்லப்பட்டார்கள். தாய்மார்கள் போட்ட வழக்கில் ஐ.நா. மீது முடியாது என்று டச்சு உச்ச நீதிமன்றம் 2012இல் சொன்னது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2013இல் அதையே சொன்னது. ஆனால் நெதர்லாந்து அரசு தப்பவில்லை. முகாமிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட மூன்று பேரின் சாவுக்கு அரசு பொறுப்பு என்று 2013 செப்டம்பரில் தீர்ப்பு. அந்த நேரத்தில் டச்சு அரசுக்கும் படைமேல் நேரடிக் கட்டுப்பாடு இருந்தது என்பது அடிப்படை. 2019இல், முகாமுக்குள் இருந்த சுமார் 350 ஆண்கள் விஷயத்தில் அரசுக்கு 10 சதவீதப் பொறுப்பு என்றார்கள். உள்ளேயே விட்டிருந்தால் அவர்கள் பிழைத்திருக்க அவ்வளவுதான் வாய்ப்பு என்று கணக்குப் போட்டார்கள். ஒரு மனிதனின் உயிரில் பத்தில் ஒரு பங்குக்கு நஷ்டஈடு! எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை, ஆனால் சட்டத்தில் அதுவே பெரிய தாண்டல்.

உங்கள் கற்பனை வழக்கில் படை அனுப்பிய நாட்டைத் தரப்பாகச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள், நேரம் போகும்.

---

பனங்கூடல் எழுதியது:

சுபேதார் அண்ணை சொன்ன "அரசாங்கத்தின் மனசு" என்ற இடத்தில் ஒன்று சேர்க்கவேணும். நான் யாழ்ப்பாணம்.

அதே ஹெய்ட்டி. அதே மிஷன். இலங்கைப் படை 950 பேர் அளவில் அங்கே நின்றது. 2007 நவம்பரில் அதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஐ.நா. திருப்பி அனுப்பியது. பாலியல் சுரண்டல், அதில் சிறுவர் சிறுமியரும் உண்டு. ஐ.நா.வால் செய்யக்கூடியது அவ்வளவுதான்: விமானம் ஏற்றி அனுப்புவது, இனி இவர்கள் வரவேண்டாம் என்று எழுதி வைப்பது. மிச்சம் கொழும்பின் பொறுப்பு. பத்து வருசம் கழித்து 2017இல் அசோசியேட்டட் பிரஸ் தேடிப்பார்த்து எழுதியது, ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை என்று. எங்கட ஊரில் இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படவில்லை.

மாறாகவும் ஒரு உதாரணம் உண்டு. அதே ஹெய்ட்டியில் பாகிஸ்தான் பிரிவைச் சேர்ந்த இரண்டு பேருக்கு 2012இல் அங்கேயே ராணுவ விசாரணை வைத்து ஒரு வருசக் கடூழியச் சிறை கொடுத்தார்கள். தண்டனை குறைவு என்று ஹெய்ட்டிச் சனம் கோபப்பட்டது. நியாயம்தான். ஆனாலும் நடந்த இடத்திலேயே விசாரிக்க ஏலும் என்பதை அது காட்டிவிட்டது. சாட்சி பக்கத்து ஊரில் இருக்கும்போது விசாரணையை ஏன் கடல் கடந்து கொண்டுபோக வேணும்?

இன்னொன்று, ஐ.நா. விலக்கையும் தூதர் விலக்கையும் சேர்த்துக் குழப்பவேண்டாம் தங்கச்சி. ராணுவ அதிகாரி சவேந்திர சில்வா நியூயார்க்கில் இலங்கையின் துணை நிரந்தரப் பிரதிநிதியாக இருந்தபோது, இறுதிப்போர்க் குற்றச்சாட்டுகளை வைத்து 2011இல் அங்கே அவர்மேல் ஒரு சிவில் வழக்குப் போட்டார்கள். தூதர் விலக்கு உண்டு என்று தள்ளுபடி. அது இந்த 2ஆம் பிரிவு இல்லை, அவர் ஒரு நாட்டின் பிரதிநிதி என்பதால் கிடைத்தது. பிறகு 2019இல் அவர் ராணுவத் தளபதியானபோது, மிக அவசியமான இடங்களைத் தவிர இலங்கை ராணுவத்தை இனி அமைதிப்படைக்கு எடுப்பதில்லை என்று ஐ.நா. அறிவித்தது. வழக்கால் முடியாததை ஆள் எடுக்கிற மேசையில் செய்தார்கள். கொழும்புக்கு அது நல்லாக உறைத்தது, ஏனென்றால் அமைதிப்படைக்குப் போவது பணமும் மரியாதையும்.

யாராவது 1987ஐ இங்கே இழுக்க முன்னம் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்த இந்தியப் படை ஐ.நா. படை இல்லை. இரண்டு அரசுகள் தங்களுக்குள் போட்ட ஒப்பந்தத்தில் வந்தது. 1946 ஒப்பந்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதற்குத் தனி இழை தொடங்குங்கோ, நானும் வந்து எழுதுவேன்.

---

கேஒய்சி கோவிந்தன் இல்லை எழுதியது:

தடைப் பட்டியல் பற்றி ஒருவரும் தொடவில்லை, அதனால் நான். சென்னையில் ஒரு வங்கியில் வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம் பார்க்கிறேன். பாதுகாப்பு சபையின் பட்டியல் எங்கள் கம்ப்யூட்டரில் தினமும் ஓடுகிறது. இந்தியாவில் அதற்குச் சட்டம் யு.ஏ.பி.ஏ. (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) 51ஏ பிரிவு. பெயர் பொருந்தினால் கணக்கை நிறுத்தி மேலே சொல்லவேண்டும்.

பெயர் பொருந்துவது இருக்கிறதே, அதுதான் கூத்து. நம் ஊர்ப் பெயரில் இனிஷியல் முன்னால் வரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். துபாயிலிருந்து பணம் அனுப்புகிறவர் அதை மூன்று விதமாக எழுதுவார். கீழக்கரை, காயல்பட்டினத்துக்காரர்களுக்குப் பணம் வரும்போதெல்லாம் மஞ்சள் விளக்கு எரியும். பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண்ணை வைத்து ஆள் வேறு என்று உறுதி செய்து விடுவிக்கிறோம். அதற்குள் அவர் மகளின் காலேஜ் பீஸ் தேதி முடிந்திருக்கும்.

பெயர் ஒன்றாக இருந்ததால் மாட்டுகிறவர் தப்பிவிடுவார். பட்டியலில் இருப்பதே அவர்தான் என்றால்தான் கஷ்டம். காதி வழக்கைப் படியுங்கள். சவூதித் தொழிலதிபர், 2001 அக்டோபரில் பட்டியலில் ஏறினார். என்ன ஆதாரம் என்று அவருக்கே சொல்லவில்லை. கேட்க ஐ.நா.வில் ஒரு நீதிமன்றம் கிடையாது. அவர் ஐ.நா.வை எதிர்த்துப் போகவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் அந்தத் தீர்மானத்தை அமல்படுத்தப் போட்ட விதியை எதிர்த்துப் போனார். 2008 செப்டம்பர் 3இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அவர் விஷயத்தில் அந்த விதியை ரத்து செய்தது. தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பே தரவில்லை என்பது காரணம். அந்த அழுத்தத்தில் 2009 டிசம்பரில் பாதுகாப்பு சபை 1904 எண் தீர்மானத்தில் பெயர் நீக்க மனுக்களைப் பார்க்க ஒரு நடுவர் பதவியை உருவாக்கியது. காதியின் பெயர் 2012இல் நீக்கப்பட்டது. பதினோரு வருஷம்!

இதிலும் ஒரு ஓட்டை. அந்த நடுவர் அல்காய்தா, ஐ.எஸ். பட்டியலுக்கு மட்டும்தான். வேறு நாடுகள் சம்பந்தமான தடைப் பட்டியலில் இருப்பவர்களுக்கு 2024 வரை ஒரு தபால்பெட்டி மாதிரி அலுவலகம்தான் இருந்தது, மனுவை வாங்கிக் கமிட்டிக்குத் தள்ளிவிடும்.

உங்களுக்கு இதிலிருந்து எடுக்கவேண்டியது என்னவென்றால், ஐ.நா.வை நேரே தொடமுடியாத இடத்தில் அதன் கட்டளையை நிறைவேற்றுகிறவரைப் பிடிக்கலாம். டச்சு வழக்கும் அதே வகைதான்.

---

கறுப்பு அங்கி வேண்டும் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இத்தனை விஷயம் எதிர்பார்க்கவில்லை. படை அனுப்பிய நாடு எங்கள் வழக்கில் தரப்பு இல்லை, ஐ.நா. மட்டும்தான். அதனால் 29ஆம் பிரிவும் குமாரசாமியும்தான் என் முதுகெலும்பு.

எதிர்த்தரப்பில் இருப்பவன் என் கிளாஸ்மேட். அவன் இரண்டு விஷயம் வைத்திருக்கிறான் என்று காதில் விழுந்தது. ஒன்று, ஐ.நா. 2016இல் மன்னிப்புக் கேட்டுத் திட்டமும் போட்டது, அதுவே தீர்வு என்பான். இரண்டாவது, காலக்கெடு. எங்கள் கதையில் நோய் வந்து எட்டு மாதம் கழித்துத்தான் ஊர்மக்கள் மனு கொடுக்கிறார்கள். ஆறு மாதம் தாண்டினால் செல்லாது என்று எங்கோ ஒரு விதி இருக்கிறதாமே? சுபேதார் ஐயா, உங்கள் ஆட்டுக்காரர் எத்தனை மாதத்தில் கொடுத்தார்?

---

பழைய சாப்பர் எழுதியது:

ஆட்டுக்காரர் அன்று சாயங்காலமே கேட்டில் வந்து நின்றுவிட்டார்மா. செத்த ஆடு கண்ணெதிரே கிடக்கிறது, இடித்த வண்டி நிற்கிறது, அவருக்கு யாரைக் கேட்பது என்று தெரியும். உங்கள் ஊர்க்காரருக்கு அது தெரியாது. வயிற்றுப்போக்கில் பிள்ளை சாகிறபோது மேட்டில் இருக்கும் குழிதான் காரணம் என்று யார் சொல்வார்கள்? வக்கீல் தம்பி இதைச் சட்டமாக மாற்றித் தரட்டும்.

மன்னிப்பு விஷயம் எனக்குத் தெரியும். 2016 டிசம்பர் 1ஆம் தேதி பான் கி-மூன் பொதுச்சபையில் பேசினார். காலரா விஷயத்தில் நாங்கள் போதுமானதைச் செய்யவில்லை என்று வருத்தம் தெரிவித்தார். ஐ.நா. கொண்டுவந்தது என்று அந்த வாயால் வரவில்லை. 40 கோடி டாலர் திட்டம் என்றார்கள். பாதி சிகிச்சைக்கும் குடிநீர், கழிவுநீர் வேலைக்கும், பாதி பாதிக்கப்பட்டவர்களுக்கு. ஆனால் அது நாடுகள் இஷ்டப்பட்டுக் கொடுத்தால்தான் உண்டு. வந்தது சொற்பம். செத்தவர் வீட்டுக்கு இவ்வளவு என்று யாருக்கும் கையில் கொடுக்கவில்லை. எங்கள் ஆட்டுக்காரர் பேரில் ரசீது இருக்கிறது. உங்கள் நண்பரை ஒரே ஒரு ஹெய்ட்டிக்காரர் பேரில் ரசீது காட்டச் சொல்லுங்கள்.

---

மதுரைக் கிளை எழுதியது:

அவன் சொல்லும் விதி பொதுச்சபையின் 52/247 எண் தீர்மானம், 1998. உண்மையானதுதான், மறுக்க முயலாதீர்கள். உடல் காயம், சாவுக்கு அதிகபட்சம் 50,000 டாலர். அதுவும் மருத்துவச் செலவு, வருமான இழப்பு, ஈமச் செலவு போன்ற பொருளாதார இழப்புக்குத்தான். வேதனைக்கு எதுவும் கிடையாது. மனு ஆறு மாதத்துக்குள்.

ஆனால் ஆறு மாதம் எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். சேதம் ஏற்பட்ட நாள் அல்லது அது கண்டறியப்பட்ட நாள் என்று இருக்கிறது. ஐயா சொன்னது இங்கேதான் பொருந்தும். நோய் வந்தது ஒரு நாள், அது முகாமிலிருந்து வந்தது என்று தெரிந்தது வேறொரு நாள். ஹெய்ட்டியில் நிபுணர் அறிக்கை வந்ததே ஏழு மாதம் கழித்துத்தான். காயத்தை அறிந்தால் போதாது, காரணத்தையும் அறியவேண்டும் என்று வாதாடுங்கள். எதிர்த்தரப்பு சொற்களை அப்படியே பிடித்துக்கொண்டு தொங்கும், தயாராக இருங்கள்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. அவன் 52/247ஐ எடுத்து மேசையில் வைத்த நிமிஷமே, இப்படிப்பட்ட கோரிக்கைகளுக்கு ஐ.நா. பணம் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது என்று அவனே ஒப்புக்கொள்கிறான். அப்புறம் இது கொள்கை விஷயம், ஏற்கவே முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் இருக்காது. உங்கள் கதையில் ஆய்வறிக்கை எந்தத் தேதியில் வந்தது என்று இருக்கிறதா? இருந்தால் அந்தப் பத்தியை இங்கே போடுங்கள், இன்று ராத்திரி பார்த்துச் சொல்கிறேன்.